கார்புரேட்டருக்குப் புஷ் போட்டுத் தரும் கணபதி பட்டறை: எங்கள் 1997 மாருதி 800 அனுபவம்

சிக்னலில் நின்றதும் அணைந்துபோகிற வண்டியை ஓட்டியவர்களுக்குத்தான் அந்தப் பதற்றம் தெரியும். பச்சை விழும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், நான் சாவியைத் திருகிக்கொண்டிருப்பேன். எங்கள் 1997 மாடல் மாருதி 800 ஒன்றரை வருடம் இப்படித்தான் என்னைப் படுத்தியது. இப்போது ஐந்து மாதமாக ஒரு தடவைகூட அணையவில்லை. அதற்குக் காரணம் கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் சின்னப் பட்டறை. பழைய கார்புரேட்டர் (எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பாகம்) வண்டி வைத்திருக்கிற யாருக்காவது உதவும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வண்டி அப்பா வாங்கியது. இப்போது அவரால் ஓட்ட முடியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவார். "கண்ணு, மூணு சிலிண்டரும் ஒண்ணா பேசலை" என்று அவர்தான் முதலில் சொன்னார். 2000-ஐ ஒட்டி மாருதி 800-க்கு, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. எங்களுடையது அதற்கு முந்தையது. 796 சிசி எஞ்சின், மேலே ஜப்பானின் மிக்குனி வடிவமைப்பில் மறைமலை நகர் யூகால் கம்பெனி செய்த இரட்டைக் குழல் கார்புரேட்டர். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்குகளில் பாதிப் பேர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

முதலில் போன இடத்தில் ரிப்பேர் கிட் வாங்கிப் போட்டார்கள். பேக்கிங், ஊசி வால்வு, பம்ப் டயாப்ரம் எல்லாம் புதுசு. ஜெட்டுகளையும் (பெட்ரோலை அளந்து விடும் ஊசித்துளைத் திருகுகள்) கழற்றி ஊதினார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான். ஒவ்வொரு தடவை கொண்டுபோனபோதும் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டும் ஐடில் ஸ்க்ரூவை ஒரு சுற்று ஏற்றி, பெட்ரோலைக் கூட்டும் மிக்ஸர் ஸ்க்ரூவை ஒரு சுற்று திறந்து அனுப்பினார்கள். வண்டி அணையவில்லை, ஆனால் நிற்கும்போதே ரேஸ் கொடுத்த மாதிரி உறுமியது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11-க்கு இறங்கியது. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.6 காட்டியது. எங்கள் வருட வண்டிக்கு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சான்றிதழ் கிடைக்கவில்லை.

சரி, முழுசாக மாற்றிவிடலாம் என்று 3,200 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் புதுசு ஒன்று வாங்கினேன். அது நான் செய்த தவறு. பெட்டியில் கம்பெனிப் பெயர் இல்லை. வார்ப்பு ஓரங்களில் பிசிறு, ஜெட்டுகளில் அளவு எண் பொறிக்கப்படவில்லை, சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) ஒயரின் சாக்கெட்டும் வேறு. மாட்டிப் பார்த்தபோது ஐடிலிங் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறியபோது இரண்டாவது கியரில் இழுக்கவே இல்லை. பர்லியாருக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரியை முன்னே விட்டுவிட்டு ஓரமாக நின்றோம். அழுத்தி மிதிக்கும்போது கூடுதல் இழுவைக்காகத் திறக்க வேண்டிய இரண்டாவது குழல், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. விற்றவர்கள் இதைத் திருப்பியும் எடுத்துக்கொள்ளவில்லை.

கணபதிப் பட்டறையை எனக்குச் சொன்னது எங்கள் பள்ளி வேன் டிரைவர். உள்ளே ஒரு லேத், ஒரு துளை போடும் மிஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பழைய கார்புரேட்டர்கள். மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டூப்ளிகேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "பழசு இருக்குங்களா, தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நல்லவேளை, டிக்கியில் இருந்தது. அதையே திரும்ப மாட்டச் சொல்லி எஞ்சினை ஓடவிட்டார். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்து, காற்றுப் பாதையைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சித் தகடு சுழலும் சாப்ட்டின் (தண்டின்) முனையில் ஒரு சொட்டு அளவு அடித்தார். எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. மறுமுனையில் அடித்தார், அங்கேயும் மாறியது. (எஞ்சின் சூடாக இருக்கும்போது வீட்டில் இதைச் செய்துபார்க்க வேண்டாம். தீப்பிடிக்கும்.)

"அம்மணி, கிட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. சாப்ட்டு போற ஓட்டை முட்டையாட்டம் ஆயிருச்சு. அது வழியா காத்து எடுக்குதுங்க."

விஷயம் இதுதான். சாப்ட் இரும்பு, அது சுழலும் கார்புரேட்டர் உடம்பு அதைவிட மென்மையான உலோக வார்ப்பு. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆக்சிலேட்டர் கேபிள் ஒரே பக்கமாக இழுத்து இழுத்து, துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. அந்த இடைவெளி வழியாகத் தகடுக்குக் கீழே கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. பெட்ரோல் போதாமல் ஐடிலில் எஞ்சின் அணைகிறது. அதைச் சமாளிக்க ஸ்க்ரூவைத் திறந்தால் பெட்ரோல் கூடுகிறது, மைலேஜ் போகிறது, புகை ஏறுகிறது. எந்தக் கிட்டிலும் இந்தத் துளைக்கு மருந்து கிடையாது. ஒன்றரை வருடம் என்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தகடைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்களின் நுனியை, கழன்று எஞ்சினுக்குள் விழுந்துவிடாதபடி கம்பெனியிலேயே நசுக்கி விட்டிருப்பார்கள். அந்த நசுங்கலை அரத்தால் ராவி எடுத்த பிறகுதான் திருகினார். தகடு எந்தப் பக்கமாக இருந்தது என்று ஊசியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டார். ஓரம் சாய்வாகச் சீவப்பட்டிருப்பதால் திருப்பிப் போட்டால் மூடாது. துளையைப் பெரிதாக்கி, லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ்ஷை (துளைக்குள் உட்காரும் குட்டிக் குழாய்) அழுத்திச் செருகி, ரீமர் என்னும் துளை சீவும் கருவியை விட்டு அளவாக்கினார். புது ஸ்க்ரூ போட்டு, பசை தடவி, மறுபடி நுனியை நசுக்கினார். கடைசியில் கார்புரேட்டரை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். மூடிய தகடைச் சுற்றி எங்கேயும் வெளிச்சக் கீற்று தெரியவில்லை. முன்பு அதே இடத்தில் பிறை மாதிரி ஒரு கீற்று இருந்தது.

மொத்தம் 1,800 ரூபாய். அடியில் இருக்கும் தடிமனான பேக்கிங்கும் பெட்ரோல் ஹோஸ்களும் இதில் சேர்த்தி. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. பழைய ரப்பர் அதற்கு ஊறி வெடிக்கும் என்று, எத்தனால் தாங்கும் ஹோஸாகத் தேடிப் போட்டார். மெயின் ஜெட்டைப் பெரிசாக்க வேண்டுமா என்று கேட்டேன். அவசரப்படாமல் 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்த்தார். வறுத்த காபிக்கொட்டை நிறத்தில் இருந்தது, கலவை சரியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஜெட்டைத் தொடவே இல்லை. எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்று சொன்ன வேலைக்கு ஆறு நாள் ஆனது. போன் எடுக்க மாட்டார், நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். பில்லெல்லாம் துண்டுச் சீட்டில்தான். உட்கார இடம் இல்லை. அப்பாவுக்காகப் பக்கத்து டீக்கடையில் ஸ்டூல் வாங்கிப் போட வேண்டியிருந்தது. ஞாயிறு விடுமுறை. கார்புரேட்டரைக் கழற்றி மட்டும் கொண்டுபோகாதீர்கள், வண்டியோடு போங்கள். எஞ்சினில் வைத்துக் கேட்காமல் அவர் எதுவும் சொல்வதில்லை.

புகைச் சோதனையில் இப்போது 1.8. மைலேஜ் டவுனுக்குள் 14, வெளியே 16 வருகிறது. போன மாதம் குன்னூருக்கு மறுபடி போனோம். அதே வளைவில் இரண்டாவது கியரில் ஏறும்போது அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார்.