ஆபீஸ் பாலிசியா, சொந்தப் பாலிசியா? ஒரு பைபாஸுக்குப் பிறகு

2025 பிப்ரவரியில் அப்பாவுக்குக் கோவையில் பைபாஸ் நடந்தது. அதுவரை எனக்குக் காப்பீடு என்றால் ஆபீஸில் கொடுத்த அட்டை மட்டும்தான். ஐந்து லட்சம், பெற்றோரும் சேர்த்தி, நமக்குப் பெரிய செலவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று, பாலிசி விற்க வந்தவர்களையெல்லாம் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது சொந்தப் பணத்தில் இரண்டு பாலிசி வைத்திருக்கிறேன். ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

ஆபீஸ் பாலிசியின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் பத்து வருடமாக ரத்தக்கொதிப்பு. எங்கள் ஆபீஸ் பாலிசியில் யாரும் அதைக் கேட்கவில்லை. பரிசோதனையும் இல்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. சேர்ந்த முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் பாதுகாப்பு. அறுபது தாண்டிய ஒருவருக்கு வெளியே இது கிடைப்பது கடினம். வேலையை விட்டால் பாலிசியும் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை நீட்டவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். தகுதி இருந்தும் அட்டை வாங்காமல் இருப்பவர்கள் முதலில் அதை வாங்குங்கள். எங்களுக்குத் தகுதி இல்லை.

சரி, என்னை மாற்றியது எது? அறை வாடகை. அது மட்டும்தான்.

எங்கள் ஆபீஸ் பாலிசியில் ஒரு நாள் அறை வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். அதாவது 5,000 ரூபாய். ஐசியூவுக்கு இரண்டு சதவீதம், 10,000 ரூபாய். அப்பாவைச் சேர்த்தது இரவு பதினொரு மணிக்கு. அந்த வாடகைக்குள் அறை காலியில்லை, 7,500 ரூபாய் அறை இருக்கிறது என்றார்கள். நாளுக்கு 2,500 கூடுதல், ஆறு நாளுக்குப் பதினைந்தாயிரம், போனால் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போது யாருக்குத்தான் பாலிசியைப் பிரித்துப் படிக்கத் தோன்றும்?

டிஸ்சார்ஜ் அன்றுதான் விஷயம் புரிந்தது. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் பொறுமையாகவே சொன்னார்: "சார், நீங்க எலிஜிபிலிட்டிக்கு மேல ரூம் எடுத்திருக்கீங்க. அதனால மத்ததுலயும் அதே விகிதத்துல குறைப்பாங்க."

மொத்த பில் 4,05,000. பேக்கேஜ் இல்லாமல் தனித்தனியாகப் போட்ட பில். அதில் அறை 45,000, ஐசியூ 30,000, அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர், டாக்டர் விசிட் எல்லாம் சேர்த்து 2,10,000, மருந்து, பரிசோதனை, உபகரணங்கள் 1,20,000. எனக்குத் தகுதி 5,000; எடுத்தது 7,500. மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே அறையில் 15,000 போனதோடு நிற்காமல், மருத்துவர், தியேட்டர் கட்டணத்திலும் மூன்றில் ஒரு பங்கு, 70,000 ரூபாய், எங்கள் தலையில் விழுந்தது. கையுறை, முகக்கவசம் போன்றவற்றுக்கு 15,000 கிடையாது. பெற்றோர் என்பதால் மீதியில் பத்து சதவீதம் கோ-பே, அதாவது நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு. பதினைந்தாயிரம் என்று நினைத்த இடத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம்.

அதுவும் சண்டை போட்ட பிறகு வந்த கணக்கு. முதலில் மருந்திலும் பரிசோதனையிலும்கூட மூன்றில் ஒரு பங்கை வெட்டியிருந்தார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இது தெளிவாக இருக்கிறது: மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள்), இம்ப்ளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி), பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகிதாசார வெட்டு கூடாது, ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் வெட்டவே கூடாது. இதை எழுதி, பில்லை வரிவரியாகப் பிரித்துக் காட்டி, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரத்தில் 31,500 ரூபாய் திரும்பி வந்தது. வராமல் இருந்திருந்தால் ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசா, அப்புறம் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று போயிருப்பேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறையில் வரும் தாமதம் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 மே மாத விதிப்படி, டிஸ்சார்ஜ் அனுமதியை நிறுவனம் மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எங்களைக் காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கிளம்பியது இரவு ஏழுக்கு. கோபத்தோடு விசாரித்தால், மருத்துவமனை இறுதி பில்லை அனுப்பியதே மூன்று மணிக்குத்தான். கடிகாரம் அங்கிருந்துதான் ஓடும். அனுமதி ஐந்தரைக்கு வந்துவிட்டது. இந்த விஷயத்தில் ஆபீஸ் பாலிசியோ சொந்தப் பாலிசியோ, பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் சொந்தப் பாலிசி வாங்கப் போனபோது நான் பார்த்தது ஒன்றே ஒன்று: அறை வாடகைக்கு வரம்பு இருக்கக் கூடாது. 'சிங்கிள் பிரைவேட் ரூம்' என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை; ரூபாயிலோ சதவீதத்திலோ எழுதியிருந்தால் ஒதுக்கிவிட்டேன். குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகை காட்டிய ஒரு பாலிசியை இதற்காகவே விட்டேன். இலவசச் செக்கப், ஜிம் தள்ளுபடி பக்கமே போகவில்லை. எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் பத்து லட்சத்தில் ஒரு ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதும் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் பாலிசி), அம்மாவுக்குத் தனியாக ஐந்து லட்சம். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு வாங்கியதால், முன்பிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. "அதை எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்" என்று ஏஜென்ட் சொன்னார். எழுதினேன். பிரீமியம் ஏறத்தான் செய்தது. சர்க்கரை சார்ந்த எதற்கும் மூன்று வருடக் காத்திருப்பு. இப்போதைய விதிப்படி மூன்று வருடம்தான் உச்சவரம்பு. மறைத்திருந்தால் என்ன ஆகும்? ஐந்து வருடம் இடைவிடாமல் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் தவிர, நிறுவனம் கிளைமைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்த ஐந்து வருடத்துக்குள் ஒரு நாள், டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எட்டு வருடமாகச் சர்க்கரை' என்று டாக்டர் எழுதும் ஒற்றை வரி போதும், பணம் நின்றுவிடும்.

சொந்தப் பாலிசி எங்களுக்குப் பெரிய சோதனையைச் சந்தித்ததில்லை. மகனுக்கு டெங்கு வந்து நான்கு நாள் படுத்திருந்தபோது 62,000 ரூபாய் பில்லில் 3,400 மட்டும் கட்டினோம். டெங்கு வேறு, இதய அறுவை வேறு. நாலு லட்சம் கேட்கும்போதும் இதே சுமுகம் இருக்குமா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. சூப்பர் டாப்-அப் (ஆண்டுச் செலவு ஒரு தொகையைத் தாண்டிய பிறகு மட்டும் கொடுக்கும் கூடுதல் பாலிசி) பற்றிக் கேட்பவர்களுக்கு, நான் எடுக்கவில்லை. ஆபீஸ் பாலிசி பலமாக இருப்பவர்களுக்கு அது மலிவான வழியாக இருக்கலாம்.

ஒரு ஓட்டை மட்டும் இன்னும் அடைபடவில்லை. அப்பாவுக்கு வெளியே பாலிசி கேட்டு மூன்று இடத்தில் விண்ணப்பித்தேன். இரண்டு மறுப்பு, மூன்றாவது கேட்ட பிரீமியம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அறுவைக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். அதனால் அவருக்கு மட்டும் இன்னும் அதே ஆபீஸ் அட்டைதான், அதே 5,000 வரம்போடு. அவர் போகும் மருத்துவமனையில் அந்த வாடகைக்குள் எந்தெந்த அறை என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். போன மாதம் வேறொரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். சம்பளம் பேசுவதற்கு முன்பே, பெற்றோருக்குக் காப்பீடு உண்டா, அறை வாடகை வரம்பு எவ்வளவு என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார் ஹெச்ஆர். இன்னும் சொல்லவில்லை.