வைட்டமின் மாத்திரையா, நெல்லிக்காயா, நடையா?

மயிலாப்பூர் வீட்டில் அம்மாவின் மாத்திரைப் பெட்டியில், சர்க்கரை மாத்திரைகளுக்குப் பக்கத்தில் பச்சை மணிபோல மின்னும் வைட்டமின் இ ஒன்றும் இருந்தது. காலையில் மெரினாவில் நடை, திரும்பும்போது எவர்சில்வர் தூக்கிலிருந்து ஊற்றித் தரும் நெல்லிக்காய்ச் சாறு. "எல்லாம் செல்லுக்குப் பாதுகாப்புதானே" என்பார். எல்லாம் ஒன்றல்ல.

ரத்தக்குழாய் உட்சுவர், விழித்திரை, சிறுநீரகம், நரம்பு இவற்றின் செல்களுக்கு, ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் வாசலை அடைத்துக்கொள்ளத் தெரியாது. உள்ளே குவியும் குளுக்கோஸை எரிக்கும்போது, செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எலக்ட்ரான்கள் கசிந்து, ஆக்சிஜனை, செல்லைச் சேதப்படுத்தும் சூப்பராக்சைடாக மாற்றுகின்றன. தீ அதிகமானால் பால் பொங்கி வழிகிறதே, அதுபோல. 2001-இல் நீரிழிவு ஆராய்ச்சியாளர் மைக்கேல் பிரவுன்லீ முன்வைத்த விளக்கம் இது.

வழிந்ததைத் துடைக்க வந்ததுதான் வைட்டமின் இ. 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில், நீரிழிவு உள்ளவர்கள் பலர் உட்பட 9,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். தினம் 400 யூனிட் எடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்களையே மேலும் தொடர்ந்து கவனித்தபோது இதயச் செயலிழப்பு சற்றுக் கூடியிருந்தது. எனக்கு இது போதும், வேண்டாம்.

அதேபோல் துடைக்க வந்த இன்னொரு மாத்திரையான ஆல்ஃபா லிபோயிக் அமிலத்தின் கதை வேறு. பாத எரிச்சல், மதமதப்பு உள்ளவர்களுக்கு 600 மில்லிகிராம் ஓரளவு ஆறுதல் தருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அளவைக் கூட்டினால் குமட்டல்தான் கூடுகிறது. எரிச்சல் இல்லாத அம்மாவுக்கு இது எதற்கு?

நெல்லிக்காயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் மருந்தாக அல்ல, காயாக. நெல்லிச் சாற்றைச் சோதிக்க ஆய்வகத்தில் செல்களை வாட்டும் 'அதிக குளுக்கோஸ்' பெரும்பாலும் 30 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்குச் சுமார் 540 மில்லிகிராம். அந்தத் தட்டில் சாறு நேரே செல்லின் மேல் விழுகிறது. நம் வயிற்றில் அப்படி நடப்பதில்லை. தேனில் ஊறிய நெல்லியோ சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.

தீயைத் தணிப்பவை சர்க்கரைக் கட்டுப்பாடும் நடையும். 1998-இல் வந்த பிரிட்டனின் யுகேபிடிஎஸ் என்ற நீரிழிவு ஆய்வில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.9 சதவீதத்துக்குப் பதில் 7.0 ஆக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. நடக்கும்போது தசை இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. அப்போது உண்டாகும் சிறிதளவு ஆக்சிஜனேற்றமே, செல்லைத் தன் காவல் நொதிகளைப் பெருக்கிக்கொள்ளத் தூண்டுகிறது.

அம்மாவிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கூடவே வைட்டமின் சி 1,000 மில்லிகிராமும் வைட்டமின் இ 400 யூனிட்டும் விழுங்கியவர்களுக்கு, பயிற்சியால் வரவேண்டிய பலன், அதாவது உடலில் இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்வது, கிட்டவில்லை. அவர்கள் இளைஞர்கள், அம்மாவுக்கு அறுபத்தெட்டு; அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் கடற்கரையில் வியர்வை சிந்திச் சேர்த்ததை ஒரு பச்சை மாத்திரை கரைத்துவிடுமோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

மருத்துவரிடம் கேட்டோம், நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது பெட்டியில் அந்தக் குழி காலி. அம்மா மதியம் மோர்ச் சாதத்தோடு ஒரு நெல்லிக்காயைக் கீறிக் கடித்துக்கொள்கிறார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாடவீதியை ஒரு சுற்றுச் சுற்றிவர என்னையும் எழுப்பிவிடுகிறார்.