இருபதாயிரம் ரூபாய்: கிராபிக்ஸ் கார்டா, ப்ராசஸரா?

அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 2025 கோடை விடுமுறையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்து இருபதாயிரம் சேர்த்திருந்தான். "மாமா, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு வாங்கிடலாமா?" என்று போனில் கேட்டான். அவனிடம் இருந்தது 2019இல் வாங்கிய கம்ப்யூட்டர்: ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஒரே குச்சியாக 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, ஹார்டு டிஸ்க், கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி).

இந்த நிலையில் இருக்கும் வீடுகள் ஏராளம் என்பதால், நாங்கள் அலசியதை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். மொத்தப் பணத்தையும் போட்டுப் புது ஆர்எக்ஸ் 6600 வாங்குவது ஒன்று. அப்போது அது இருபதாயிரத்தை ஒட்டி விற்றது. இன்னொன்று, கார்டைத் தொடாமல் ரைசன் 5 5600 ப்ராசஸர், இன்னொரு 8 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ் ஆகிய நான்கையும் வாங்குவது. காகிதத்தில் பார்த்தால் முதல் வழிதான் கவர்ச்சி. 1650க்கும் 6600க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் கம்ப்யூட்டர் எங்கே மூச்சு வாங்குகிறது என்று பார்க்காமல் பணத்தை இறக்கக் கூடாது. ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவி, திரையின் மூலையில் எண்கள் தெரியும்படி வைத்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனை வேலரண்ட் ஆட விட்டேன். சும்மா ஓடும்போது 150 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 150 படங்கள். எதிரணி புகை போட்டு நாலு பேர் ஒரே இடத்தில் சுடத் தொடங்கியதும் 70க்கு விழுந்தது. அந்த நேரத்தில் கார்டின் பயன்பாடு 48 சதவீதம். கார்டு பாதி சும்மா இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்க வேண்டிய ப்ராசஸரால் முடியவில்லை. அப்புறம் சைபர்பங்க் 2077 ஓட்டினோம். கார்டு 99 சதவீதம், 4 ஜிபி மெமரியும் நிரம்பி வழிந்தது. ஒரே கம்ப்யூட்டர், ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு நோய். அவன் பத்து மணி நேரம் ஆடினால் எட்டு மணி நேரம் வேலரண்ட்தான்.

பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு 8 ஜிபி ரேம் இரவல் வாங்கி, இரண்டாவது ஸ்லாட்டில் ஒன்று, நான்காவதில் ஒன்று என்று சேர்த்துப் போட்டுப் பார்த்தோம். அதே புகை, அதே சண்டை. 70 என்பது 95 ஆனது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டாகப் போட்டால் 51.2 ஜிபி. ஒற்றைக் குச்சியோடு விற்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் எல்லாமே வருடக்கணக்கில் பாதிப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கையோடு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குக் காசு வேண்டாம்.

அடுத்து கேபினட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்தேன். கையில் கனமே இல்லை. மேலே பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். பக்கவாட்டு லேபிளில், 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர். 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட்ஸ்தான் வருகிறது. ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் லைனைத்தான். ஆர்எக்ஸ் 6600க்கு மட்டும் 132 வாட்ஸ், அதோடு ப்ராசஸர், ஃபேன், டிஸ்க். அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் ஒயரே கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தபோது ஒரு கடையில், பழைய டிஸ்க் ஒயரிலிருந்து கார்டுக்குக் கரண்ட் எடுக்கும் மோலக்ஸ் கன்வெர்ட்டர் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எரிவது ஒயரோடு நிற்காது.

ஆக, முதல் வழியின் உண்மையான விலை இருபதாயிரம் அல்ல. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து இருபத்து நாலாயிரம். அதற்குப் பிறகும் வேலரண்ட் அதே இடத்தில் திக்கும்.

சரி, எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாது, கதை ஆட்டங்கள்தான் ஆடுவேன் என்பவருக்கு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இருக்கிறது. 70 வாட்ஸ், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி ஒயரும் வேண்டாம். 6600ஐவிட வேகம் நன்றாகவே குறைவு, ஆனால் 1650இலிருந்து ஏறுவது தெரியும். விலை மலிவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். 4 ஜிபிதான், அதிலும் கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தகவல் ஓட நான்கே பிசிஐ லேன்கள். பி450 போன்ற மூன்றாம் தலைமுறை போர்டில் அதன் பாதை பாதியாகிவிடும். 12 ஜிபியோடு வரும் இன்டெல் ஆர்க் பி580 நல்ல கார்டு, ஆனால் ரைசன் 2600 போன்ற பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் தடுமாறும். புது ப்ராசஸர் உள்ளவர்களுக்கு மட்டும்.

முதல் வழிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டம், 2025 மேயில் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ரே ட்ரேசிங் (ஒளியும் நிழலும் நிஜம்போல விழக் கணக்கிடுவது) வசதியுள்ள கார்டு கட்டாயம். 1650இல் அந்த வசதி இல்லை. இப்படிப்பட்ட ஆட்டங்களுக்காகவே காத்திருப்பவர் என்றால், மானிட்டரும் நொடிக்கு 60 படம் மட்டுமே காட்டும் 60 ஹெர்ட்ஸ் என்றால், 2600ஐ அப்படியே விட்டுவிட்டு எஸ்எம்பிஎஸ், கார்டு என்று போவதுதான் சரி. செகண்ட் ஹேண்டில் 6600 வாங்கினாலும் தப்பில்லை, அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். பழைய கார்டான ஆர்எக்ஸ் 580 என்று கொடுப்பதில் 2048எஸ்பி என்றொரு வகை உண்டு. பெயர்தான் 580, உள்ளே கிட்டத்தட்ட அதற்கு ஒரு படி கீழான 570.

எங்கள் கணக்கில் இரண்டாவது வழி வென்றது. ப்ராசஸர் ஒன்பதாயிரத்துச் சொச்சம், ரேம் இரண்டாயிரம், 500 ஜிபி எஸ்எஸ்டி மூவாயிரம், எஸ்எம்பிஎஸ் மூவாயிரத்து ஐந்நூறு. மிச்சமும் இருந்தது. எஸ்எஸ்டியால் எஃப்பிஎஸ் ஏறாது, மேட்ச் தொடங்கும்போது கடைசி ஆளாக வந்து நிற்பது மட்டும் போகும். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் ரேம் விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. இப்போது வாங்குபவர்கள் ரேமைப் பழையதாகவே தேடலாம், சோதிப்பதும் சுலபம்.

ப்ராசஸரைக் கழற்றுமுன் இரண்டு விஷயம். போர்டு புது ப்ராசஸரை அடையாளம் காண, பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், அதுவும் யுபிஎஸ்ஸில் போட்டுக்கொண்டு. நடுவில் கரண்ட் போனால் போர்டு போச்சு. அப்புறம், ஆறு வருடம் காய்ந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் கூலரையும் ப்ராசஸரையும் ஒட்ட வைத்திருக்கும். நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். கால் மணி நேரம் ஏதாவது ஆட்டம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தோம். பச்சை பலகையும் பொன்னிறப் பின்களும் சாக்கெட்டிலேயே பத்திரமாக இருந்தன.

இப்போது அவன் வேலரண்டில் புகைக்குள் நுழைந்தாலும் 160க்குக் கீழே இறங்குவதில்லை. கார்டு அதே 1650தான். அடுத்த விடுமுறைக்கும் ஜெராக்ஸ் கடையில் சொல்லி வைத்திருக்கிறான். 6600 வரும்போது அதற்கான 8 பின் ஒயர் கேபினட்டுக்குள் ஏற்கெனவே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது.