லாங்வாலா, தூண் விட்டு வெட்டுறதா? மோசமான பாறைல எது தாங்கும்?

நிலக்கரி சுரங்கம்னாலே லாங்வால்தான் பெஸ்ட்னு நிறைய பேர் சொல்றாங்க. கரி அடுக்கு சீரா படிஞ்சு உடைசல் இல்லாம இருந்தா உண்மைதான், ஆனா பாறை தாறுமாறா இருக்கிற எடத்துல எத்தனை டன் வரும்னு பார்க்கிறதுக்கு முன்னாடி கூரை, அதாவது கரிக்கு மேல இருக்கிற பாறை, எப்படி நடந்துக்கும்னு பார்க்கணும், உள்ள நிக்கிறது மனுஷங்க.

லாங்வால்ல 200, 300 மீட்டர் அகலத்துக்கு ஷியரர்ங்கிற வெட்டுற மெஷின் கரியை சீவிக்கிட்டே போகும், ஹைட்ராலிக் ஷீல்டுங்கிற இரும்பு முட்டுங்க கூரையைத் தாங்கிக்கிட்டு கூடவே முன்னாடி நகரும், பின்னாடி விட்ட எடம் தானா இடிஞ்சு விழணும். பிரச்சனையே அங்கதான். மேல கெட்டியான மணற்கல்லோ டாலரைட்டோ (எரிமலைக் குழம்பு இறுகின பாறை) இருந்தா அது விழாம தொங்கிக்கிட்டே இருந்து திடீர்னு மொத்தமா இறங்கும். இன்னைக்கு சத்தீஸ்கர்ல இருக்கிற சுர்ச்சா வெஸ்ட் சுரங்கத்துல 1990ல அதுதான் நடந்துச்சு, மேல டாலரைட் பாறை, அந்த எடைல ஷீல்டுங்க நாசமாச்சு. முன்கூட்டியே வெடி வச்சோ தண்ணி அழுத்தம் கொடுத்தோ கூரையை உடைச்சு விடலாம், ஆனா அதுக்கு கூரையோட குணம் முதல்லயே தெரிஞ்சிருக்கணும்.

ஃபால்ட், அதாவது பாறை உடைஞ்சு விலகின பிளவு, குறுக்க வந்தா இன்னும் கஷ்டம். அடுக்கோட தடிமனை விட அதிகமா கரி மேலயோ கீழயோ நகர்ந்திருந்தா ஷியரருக்கு எதிர்ல வெறும் பாறைதான், எல்லாத்தையும் கழட்டி வேற எடத்துல மாட்டணும், அதுவரைக்கும் கரி வெட்டுற அந்த முகத்துல உற்பத்தி கிடையாது.

போர்டு அண்ட் பில்லர்ல, அதாவது கரியையே தூணா விட்டுட்டு நடுவுல பாதை வெட்டுற முறைல, இந்த தொல்லை கம்மி, ஃபால்ட் வந்தா பாதையைத் திருப்பிக்கலாம், நிக்காம கரி வெட்டுற கன்டினியூவஸ் மைனர் மெஷினும் கூரைல அடிச்சு பாறையைப் பிடிச்சு வைக்கிற ரூஃப் போல்ட்டும் இருந்தா வேலையும் வேகமா போகும். ஆனா ஆழம் கூடக்கூட 100 மீட்டருக்கு சுமார் 2.5 மெகாபாஸ்கல் அழுத்தம் ஏறும், தூணை பெருசா விடணும், பாதி கரி வரைக்கும் உள்ளயே நின்னுடும். அதுல பேராசைப்பட்டா என்ன ஆகும்னு தென்னாப்பிரிக்காவோட கோல்புரூக் சுரங்கம் காட்டுச்சு, 1960ல தூண்கள் வரிசையா நொறுங்கி 400 பேருக்கு மேல செத்தாங்க. தூணோட பலத்தைக் கணக்கு போட சாலமன், மன்ரோங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1967ல சூத்திரம் கொடுத்ததே அதுக்கப்புறம்தான். அப்படியும் 2007ல அமெரிக்காவோட கிராண்டல் கேன்யன் சுரங்கத்துல ரொம்ப ஆழத்துல தூண்களை எடுக்கப் போய் 6 தொழிலாளிங்க மாட்டிக்கிட்டாங்க, காப்பாத்தப் போன 3 பேரும் போயிட்டாங்க.

என் கணக்குல, ஆழம் கம்மி, ஃபால்ட் நிறைய இருந்தா தூண் முறைதான். ஆழம் அதிகம், கூரை ஒழுங்கா இடிஞ்சு விழும்னா லாங்வால், அதுவும் துளை போட்டு, சீஸ்மிக் சர்வே (அதிர்வலை அனுப்பி நிலத்தடியைப் பார்க்கிறது) பண்ணி, ரெண்டு ஃபால்ட்டுக்கு நடுவுல பேனல், அதாவது ஒரு லாங்வால் வெட்டி எடுக்கிற பகுதி, அடங்குமான்னு பார்த்துட்டு. செங்குத்தா சாஞ்ச அடுக்குன்னா ரெண்டுமே சரிப்படாது, லாங்வால்ல ஷீல்டும் கன்வேயரும் சரிவுல வழுக்கும், கன்டினியூவஸ் மைனருக்கும் ஏற முடியாது, அங்க அடுக்கை மட்டம் மட்டமா பிரிச்சு மேலேர்ந்து கீழ எடுத்துட்டு வர்ற முறைதான் பொருந்தும்.