மெர்சூகாவா, மஹமீதா? கடைசி 60 கிலோமீட்டர்தான் தீர்மானிக்கும்

மொரோக்கோ பக்கமிருந்து சஹாராவைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கடைசியில் இரண்டு ஊர்களுக்கு நடுவே வந்து நிற்பார்கள். தென்கிழக்கில், எர்க் ஷெப்பி மணற்குன்றுகளின் அடிவாரத்தில் மெர்சூகா. தெற்கில், ட்ரா பள்ளத்தாக்கு முடிந்து தார்ச்சாலையும் தீர்ந்துபோகிற இடத்தில் மஹமீத் எல் கிஸ்லான். அதற்கு உரிய மணற்பரப்பு எர்க் ஷெகாகா. கேம்ப் விளம்பரப் படங்களை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டிலும் அதே ஆரஞ்சு மணல், அதே ஒட்டக வரிசை, அதே விளக்கு வெளிச்சம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: தார்ச்சாலை முடிந்த பிறகு மணலுக்கு எப்படிப் போகிறோம்? மெர்சூகாவில் ஓட்டலின் பின்கதவைத் திறந்தால் மணல். மஹமீதில் ஊருக்கும் பெரிய குன்றுகளுக்கும் இடையே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் கரடுமுரடான தரை. செலவு, கூட்டம், அமைதி, ஆபத்து, தேவைப்படும் நாட்கள் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகின்றன.

ஊர் வரைக்கும் போவது

மராகேஷிலிருந்து மெர்சூகா சுமார் 560 கிலோமீட்டர். 2,260 மீட்டர் உயரமுள்ள திஸி ந்'திஷ்கா கணவாயைத் தாண்டி, வர்ஸாஸாத், தின்கிர் வழியாகப் போக வேண்டும். காரில் நிற்காமல் போனாலே 9, 10 மணி நேரம் ஆகும். சுப்ராதூர் நிறுவனப் பேருந்து காலையில் கிளம்பி, ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து இரவில் கொண்டுபோய் விடும். ஃபெஸ் நகரத்திலிருந்து சுமார் 470 கிலோமீட்டர், மிதெல்த், ஸிஸ் பள்ளத்தாக்கு வழி. விமானம் என்றால் எர்ரஷீதியாவில் இறங்கி, இன்னும் 130 கிலோமீட்டர் சாலைவழி.

மஹமீத் மராகேஷிலிருந்து சுமார் 450 கிலோமீட்டர். தூரம் குறைவு என்று நேரத்தையும் குறைத்துக் கணக்குப் போட வேண்டாம். அதே திஷ்கா கணவாய்தான், வர்ஸாஸாத்துக்குப் பிறகு இன்னொரு மலை ஏறி இறங்கி அக்தஸ், பிறகு ஸகோரா, அங்கிருந்து இன்னும் 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 9 மணி நேரம் வைத்துக்கொள்வதுதான் சரி. பேருந்தில் ஸகோரா வரை போய் அங்கிருந்து கிராண்ட் டாக்ஸி என்ற பகிர்வு வண்டி பிடிக்கலாம். அதில் 6 இருக்கைகளும் நிரம்பினால்தான் வண்டி நகரும். பிற்பகலில் ஆள் சேராது. காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தால் உடனே கிளம்பிவிடும்.

வழியின் அழகில் மஹமீத் ஒரு படி மேல். அக்தஸ் தொடங்கி ஸகோரா தாண்டியும் ட்ரா ஆற்றையொட்டிப் பேரீச்சந்தோப்பும் மண்கோட்டைகளும் விடாமல் வரும். ஸகோராவை அடுத்த தாம்க்ரூத்தில் நஸிரிய்யா ஆன்மிக மையத்தின் பழைய நூலகமும், பச்சை மெருகு ஏற்றிய மட்பாண்டங்களைச் சுடும் சூளைகளும் இருக்கின்றன. 2 மணி நேரம் ஒதுக்குங்கள், வீண்போகாது.

மணலுக்குள் போவது

எர்க் ஷெப்பி வடக்கு தெற்காக 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அகலம் 5 முதல் 7 கிலோமீட்டர். சிறிய பரப்புதான், ஆனால் குன்றுகள் 150 மீட்டர் வரை எழும்புகின்றன. ஊர் குன்றுகளுக்கு மேற்கே இருப்பதால், மாலை வெயில் ஊர்ப்பக்கச் சரிவின் மேல் முழுதாக விழும். மாடியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். விடியல் அப்படிக் கிடைக்காது. சூரியன் குன்றுகளுக்குப் பின்னாலிருந்து வருவதால், இருட்டிலேயே கிளம்பி மேலே ஏறியிருக்க வேண்டும். பெரிய குன்றுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். முகப்புச் சரிவில் நேராக ஏறினால் ஒவ்வொரு அடிக்கும் அரை அடி கீழே சறுக்கும். காற்று இறுக்கி வைத்த முகட்டு விளிம்பைப் பிடித்துப் போனால் பாதி உழைப்பு மிச்சம்.

கேம்ப்புக்கு ஒட்டகத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நீட்டும். ஏறியவர் முன்னால் தூக்கி வீசப்படுவது அந்த நொடியில்தான். கைப்பிடியை இரு கைகளாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது முன்முழங்கால் முதலில் மடியும், அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். அரைக்கால் சட்டை போட்டால் தொடையின் உட்புறம் தேய்ந்து மறுநாள் நடக்க முடியாது. முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஜீப்பைக் கேளுங்கள், மெர்சூகாவில் அது எளிதாகக் கிடைக்கும். பெட்டி ஓட்டலிலேயே இருக்கட்டும். ஓர் இரவுக்கான சிறிய பை போதும்.

எளிதில் போக முடிவதற்கு மெர்சூகா கொடுக்கும் விலை சத்தம். குவாட் என்ற நான்கு சக்கர பைக்குகளும் பகி என்ற மணல் வண்டிகளும் பகலெல்லாம் குன்றுகளில் ஏறி இறங்குகின்றன. விடுமுறைக் காலத்தில் முகட்டில் வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். அமைதிதான் முக்கியம் என்றால், கேம்ப் எங்கே இருக்கிறது, பக்கத்துக் கேம்ப் எவ்வளவு தூரம், இரவு பத்து மணிக்கு மேல் மேளம் உண்டா என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். தங்குவதற்கு மெர்சூகாவின் நடுவை விட, வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள ஹஸ்ஸிலாபியத் கிராமம் நிதானமானது.

மஹமீதின் கதை முற்றிலும் வேறு. எர்க் ஷெகாகா சுமார் 40 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் அகலம். அங்கே போக ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும், 2 முதல் 2½ மணி நேரம். கூர்கற்கள், ஆற்றுப்படுகை, குறுக்கே ஓடும் மணல் வரப்புகள், மாவு போலப் புழுதி நிறைந்த பள்ளங்கள் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். கல்லில் ஓட்டும் டயர் அழுத்தத்தோடு மணலில் இறங்கினால் வண்டி புதையும். மணலுக்கு முன் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கி, கல் தரை வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் டயரின் பக்கச் சுவர் கிழியும். ஆகவே காற்றடிக்கும் பம்ப், மண்வெட்டி, இரண்டு ஸ்டெப்னி இல்லாத வண்டியில் ஏற வேண்டாம். வாடகைக் காரில் தாமே போய்விடலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் வாடகை ஒப்பந்தத்தின் காப்பீடு பொதுவாகச் செல்லாது. வழிநெடுக செல்போன் சிக்னலும் இருக்காது.

ஜீப்புக்கான பணம் தலைக்கு அல்ல, வண்டிக்கு. நான்கு பேர் பகிர்ந்தால் தாங்கும், தனியாளுக்குச் சுமை. ஒட்டகத்தோடு நடந்தே ஷெகாகா போகலாம். ஒரு வழிக்கு மட்டும் 3, 4 நாள். ஒரு நாளைக்கு 15, 20 கிலோமீட்டர். அதற்கு நேரம் இருப்பவர்கள் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். பாலைவனத்தின் அளவு உடம்புக்குப் புரிவது அந்த நடையில்தான்.

ஏமாற்று நடக்கும் இடம் ஒன்று உண்டு. ஷெகாகா என்று விற்றுவிட்டு, ஊருக்கு மிக அருகில் உள்ள எர்க் லிஹூதி மணல்மேடுகளில் கொண்டுபோய் விடுவது. லிஹூதி மோசமான இடமல்ல. ஒரே இரவுதான் இருக்கிறது என்றால் அதுவே போதும். ஆனால் ஷெகாகாவின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. மஹமீதிலிருந்து வண்டியில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அரை மணி என்றால் அது ஷெகாகா இல்லை.

மராகேஷில் விற்கும் 2 நாள் டூர்

இரண்டு ஊருக்கும் போகாத மூன்றாவது வழி இது, அதிகம் விற்பதும் இதுதான். 2 நாளில் மெர்சூகாவோ ஷெகாகாவோ முடியாது. இந்த வண்டிகள் ஸகோரா வரை போய், பக்கத்தில் உள்ள சிறு மணல்மேட்டருகே ஓர் இரவு தங்கவைத்துத் திரும்புகின்றன. 14 மணி நேரத்துக்கு மேல் பயணம், சில மணி நேரம் மணல். அவ்வளவுதான் நேரம் என்றால் அந்த இரண்டு நாளையும் அட்லஸ் மலைக்குக் கொடுப்பது நல்லது. மெர்சூகாவுக்கு மராகேஷிலிருந்து 3 நாள் குறைந்தபட்சம், 4 நாள் நியாயம். ஷெகாகாவுக்கு 4 நாளுக்குக் குறைந்து கிளம்பாதீர்கள்.

ஊராக எது மேல்

பகலில் செய்வதற்கு மெர்சூகாவைச் சுற்றி நிறையவே உண்டு. பக்கத்து ஊரான ரிஸ்ஸானியில் செவ்வாய், வியாழன், ஞாயிறு சந்தை கூடும். ஆட்டுச்சந்தை, பேரீச்சை, மசாலா, கறியும் வெங்காயமும் உள்ளே வைத்துச் சுட்ட மத்ஃபூனா ரொட்டி எல்லாம் கிடைக்கும். தலையில் சுற்ற 4, 5 மீட்டர் பருத்தித் துணியை இங்கேயே வாங்கலாம். 8ஆம் நூற்றாண்டில் எழுந்து, சஹாரா தாண்டி வந்த தங்க வணிகத்தால் கொழித்த சிஜில்மாஸா நகரத்தின் இடிபாடுகள் ரிஸ்ஸானியையொட்டி இருக்கின்றன. மெர்சூகாவுக்குத் தெற்கே கம்லியா கிராமத்தில், மேற்கு ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்கள் வாசிக்கும் ஞாவா இசை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தாயத் ஸ்ரிஜி ஏரியில் பூநாரைகள் இறங்கும்.

மஹமீதில் அவ்வளவு கிடையாது. மண்ணால் கட்டிய பழைய கிராமமும், மணல் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வரும் தோப்புகளும்தான். 1970களில் வர்ஸாஸாத் அருகே அணை கட்டிய பிறகு ட்ரா ஆற்றின் தண்ணீர் இங்கே வருவது அபூர்வம். பாலைவனம் ஓர் ஊரை என்ன செய்யும் என்று நேரில் பார்க்க மஹமீதைப் போல வேறு இடம் சுலபத்தில் கிடைக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே, ஜீப்பில் ஏறும் முன் ஒரு பகலை இந்த ஊரில் கழிக்க வேண்டும்.

எப்போது, என்னென்ன தவறும்

பருவம் இரண்டுக்கும் ஒன்றே: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஜூலை, ஆகஸ்டில் 45 டிகிரி தொடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்யத்தை நெருங்கும், கேம்ப்பில் எத்தனை கம்பளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் திஷ்கா கணவாய் பனியால் மூடப்படுவதும் உண்டு, திரும்பும் விமானத்துக்கு ஒரு நாள் இடைவெளி விடுங்கள். மார்ச், ஏப்ரலில் மணற்காற்று. அதில் மாட்டினால் நடக்காமல், ஒட்டகத்தை உட்காரவைத்து அதன் மறைவில் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக் காத்திருக்க வேண்டும். வெட்டவெளியில் கேமரா லென்ஸை மாற்றக் கூடாது.

மழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2006 மே மாதம் மெர்சூகாவில் வந்த வெள்ளம் மண்கட்டடங்களைக் கரைத்தது. 2024 செப்டம்பரில் மஹமீத் சாலையில் உள்ள தகூனித்தில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 50 ஆண்டாக வறண்டு கிடந்த இரிக்கி ஏரி நிரம்பியது. ஷெகாகாவிலிருந்து ஃபூம் ஸ்குயித் வழியாகத் திரும்புகிறவர்கள் அந்த ஏரிப்படுகையின் மேல்தான் போகிறார்கள். மேலே காய்ந்த ஓடு போலத் தெரிந்தாலும் கீழே சேறு இருந்தால் வண்டி அச்சு வரை இறங்கும். மழைக்குப் பிறகு ஓட்டுநர் வந்த வழியே திரும்பலாம் என்றால் வாதாடாதீர்கள்.

தண்ணீர் தலைக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். ரொக்கத்தை ரிஸ்ஸானியிலோ ஸகோராவிலோ எடுத்துவிடுங்கள். சைவர்கள் "ப்லா ல்ஹம்" (இறைச்சி இல்லாமல்) என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், இல்லையேல் மண்சட்டியில் வேகவைக்கும் காய்கறி தஜினும் கறியோடு வெந்ததாக இருக்கும். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் கறி உண்டு. காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். ட்ரா சாலையில் பழுதான காருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, அடுத்த ஊரில் உள்ள அண்ணனிடம் சீட்டுக் கொடுக்கச் சொன்னால், அந்தச் சீட்டு கம்பளக் கடையில்தான் போய் முடியும்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்கள், ஃபெஸ்ஸில் பயணத்தைத் தொடங்குகிறவர்கள், தனியாக வருகிறவர்கள் மெர்சூகா போங்கள். மருத்துவ உதவி தேவைப்பட்டால் தார்ச்சாலை காலடியில் இருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்து, மணலில் 2 இரவு கிடைக்கும் என்றால் மஹமீத். ஒரு வாரம் கையில் இருந்தால் இரண்டையும் இணைக்கலாம்: மராகேஷ், மஹமீத், ஷெகாகா, பிறகு ஸகோராவுக்குத் திரும்பி தஸ்ஸாரின், அல்னிஃப் வழியாக ரிஸ்ஸானி, மெர்சூகா, கடைசியில் ஃபெஸ். ஸகோரா ரிஸ்ஸானி இடையே நல்ல தார்ச்சாலை, சாதாரண காரே போதும், 4, 5 மணி நேரம். ஸகோராவில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள்.