கத்தி, பலூன், மாத்திரை: நுரையீரலில் கரையாத ரத்தக்கட்டிக்கு எது, யாருக்கு?

நுரையீரல் தமனியை அடைத்த ரத்தக்கட்டி, உறைவுத் தடுப்பு மருந்து தொடங்கியதும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும். சிலருக்கு மட்டும் கரைவதில்லை. அது நாராக இறுகி, தமனியின் உள்சுவரோடு தழும்புபோல ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் போகும் வழி குறுகக் குறுக, வலது இதயம் அதிக அழுத்தத்தோடு தள்ளித் தள்ளிக் களைத்துப்போகிறது. மருத்துவர்கள் பேச்சில் இதன் பெயர் 'சிடெஃப்' (CTEPH), அதாவது நாட்பட்ட ரத்தக்கட்டியால் வரும் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம். நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்தின் ஐந்து பிரிவுகளில் இது நான்காவதில் வருகிறது. பொருத்தமானவருக்குப் பொருத்தமான சிகிச்சை கிடைத்தால் அழுத்தம் கிட்டத்தட்ட இயல்புக்கே திரும்பக்கூடிய நோய் இது. அதனால்தான் இங்கே தவறான வழியில் கழியும் ஒவ்வொரு மாதமும் பெரிய இழப்பு.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: தழும்பை உரித்தெடுக்கும் அறுவை, குழாய்க்குள் பலூனை விரித்து அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி, குழாயைத் தளர்த்தும் ரியோசிகுவாட் மாத்திரை. எது சுலபம், எது செலவு குறைவு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் விஷயமல்ல இது. அடைப்பு எந்த அளவு குழாயில் இருக்கிறது என்பதே முடிவைச் சொல்ல வேண்டும்.

நோய் இதுதானா?

குறைந்தது மூன்று மாதம் உறைவுத் தடுப்பு மருந்து சரியாக எடுத்த பிறகும் மூச்சு வாங்குகிறதா? அப்போதுதான் இந்தப் பெயரைச் சூட்டலாம். அதற்கு முன் செய்யும் ஸ்கேனில் புதுக் கட்டியும் பழைய தழும்பும் கலந்து தெரியும்.

இதைச் சல்லடை போடுவதில் வி-க்யூ ஸ்கேனுக்கும் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் படம்) சி.டி. ஆஞ்சியோவுக்கும் (சாயம் செலுத்தி ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. படம்) உள்ள இடைவெளி பெரிது. லண்டனில் 227 பேரை வைத்து 2007இல் வெளிவந்த ஒப்பீட்டில், வி-க்யூ ஸ்கேன் 97 சதவீத நோயாளிகளைப் பிடித்தது, சி.டி. 51 சதவீதத்தைத்தான் பிடித்தது. சி.டி. கருவிகள் அதன் பிறகு நிறைய மேம்பட்டுவிட்டன. ஆனாலும் மெல்லிய சவ்வுபோல் குறுக்கே நிற்கும் அடைப்புகளைப் பழக்கமில்லாத கண் எளிதில் தவறவிடும். 'சி.டி.யில் கட்டி இல்லை' என்று எழுதிய அறிக்கையோடு இந்தத் தேடலை நிறுத்திவிடக் கூடாது. வி-க்யூ இயல்பாக இருந்தால் நோய் ஏறக்குறைய இல்லை என்று சொல்லிவிடலாம்.

உறுதி செய்வது, சிரை வழியே மெல்லிய குழாயை நுழைத்து அழுத்தத்தை நேரடியாக அளக்கும் வலது இதய கதீட்டர் பரிசோதனைதான்: நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல், இடது இதயப் பக்க அழுத்தம் 15க்குள், குழாய்த் தடை (ரத்த ஓட்டத்துக்கு நுரையீரல் குழாய்கள் காட்டும் எதிர்ப்பு) 2 வுட் அலகுக்கு மேல். எக்கோ சந்தேகத்தை எழுப்பும். அதை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்கக் கூடாது.

கட்டி ஏன் சிலருக்குக் கரைவதில்லை? மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள், மூளைநீரை இதயத்துக்கு வடிக்கும் குழாய் பொருத்தியவர்கள், பேஸ்மேக்கர் கம்பியில் தொற்று வந்தவர்கள், ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் (ரத்தம் உறைவதைத் தூண்டுவது) உள்ளவர்கள் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. நுரையீரலில் கட்டி வந்ததாக எந்த வரலாறும் இல்லாமலே இந்நோயோடு வருபவர்கள் சுமார் நாலில் ஒருவர். இன்னொரு முக்கியமான விஷயம்: பெரிய குழாய் அடைபட்டால், அடைபடாத பக்கத்துச் சிறு குழாய்களும் கூடுதல் ரத்தத்தையும் அழுத்தத்தையும் தாங்கித் தாங்கித் தடித்துப்போகின்றன. ஆக ஒரே நோயாளிக்குள் இரண்டு கோளாறுகள்: மேலே தழும்பு, கீழே தடித்த நுண்குழாய். கத்தியும் பலூனும் முதல் கோளாறைத் தீர்க்கும், மாத்திரை இரண்டாவதை.

அறுவை

தழும்பு முதன்மைத் தமனியிலோ, மடல்களுக்குப் போகும் கிளைகளிலோ, அதற்கடுத்த பிரிவுகளிலோ இருந்தால் முதல் தேர்வு இதுவே. நெஞ்செலும்பைப் பிளந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, உடலை 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கிறார்கள். பிறகு ரத்த ஓட்டத்தையே ஒரு நேரத்தில் 20 நிமிடம் வரை நிறுத்துகிறார்கள். மூச்சுக்குழாய்த் தமனிகளிலிருந்து பின்னோக்கிக் கசியும் ரத்தம் பார்வையை மறைப்பதால், அதை நிறுத்தாமல் நுனிக்கிளை வரை உரிக்க முடியாது. சுவரின் எந்த அடுக்கில் கத்தியை நுழைப்பது என்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. ஆழமாகப் போனால் தமனி கிழியும். மேலோட்டமாகப் போனால் தழும்பு மிச்சமாகும். சரியான அடுக்கு கிடைத்தால் மரக்கிளைபோல் கிளைகளோடு அப்படியே வெளியே வரும்.

ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் மூளை கெடுமோ என்ற பயம் இயல்பானது. இங்கிலாந்தில் 74 பேரிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில், ஓட்டத்தை நிறுத்தியவர்களுக்கும் மூளைக்கு மட்டும் ரத்தம் செலுத்தியவர்களுக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு தெரியவில்லை.

பல நாட்டு மையங்களின் பதிவேட்டில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 4.7 சதவீதம். மிக அதிக அனுபவமுள்ள சான் டியாகோ குழு 2012இல் வெளியிட்ட கணக்கில், அவர்களது கடைசி 500 பேரில் அது 2.2 சதவீதம். மையத்தின் அனுபவம் உயிரையே தீர்மானிக்கும் அறுவை இது. அதனால் 'அறுவைக்கு உகந்தவரல்ல' என்ற முடிவை இந்த அறுவையைத் தொடர்ந்து செய்யும் குழுதான் சொல்ல வேண்டும். இந்தியாவில் அத்தகைய மையங்கள் சிலவே. தூரம் போக வேண்டியிருந்தாலும் படங்களை அனுப்பியாவது கருத்துக் கேட்க வேண்டும். பதிவேட்டில் மூன்றாண்டு உயிர்வாழ்வு அறுவை ஆனவர்களிடம் 89 சதவீதம், ஆகாதவர்களிடம் 70. ஆகாதவர்கள் பலர் ஆரம்பத்திலேயே கூடுதல் நலிவுள்ளவர்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பின்னால் வரும் தொல்லைகள் இரண்டு: புதிதாக ரத்தம் பாயும் பகுதியில் நீர்கோர்ப்பு, இன்னொன்று மிச்சமிருக்கும் அழுத்தம். நுண்குழாய்க் கோளாறு அதிகமுள்ளவருக்கு இரண்டாவது கடுமையாக வரும்.

பலூன்

கத்தி எட்டாத சிறு கிளைகளுக்கானது. 2001இல் பாஸ்டனில் 18 பேருக்குச் செய்தபோது 11 பேருக்கு நுரையீரலில் நீர் கோத்தது, முறையே மங்கிப்போனது. ஜப்பானிய மருத்துவர்கள் பலூனைச் சிறிதாக்கி, ஒரு அமர்வில் விரிக்கும் கிளைகளையும் குறைத்து அதை மீட்டெடுத்தார்கள். ஒகயாமாவில் 68 பேரிடம் சராசரி அழுத்தம் 45லிருந்து 24க்கு இறங்கியதாக 2012இல் வெளியிட்டார்கள்.

தொடை அல்லது கழுத்துச் சிரை வழியே, நோயாளி விழித்திருக்க, மெல்லிய கம்பியைச் செலுத்துகிறார்கள். ஒரு அமர்வில் ஒன்றிரண்டு மடல் மட்டும். மொத்தம் நாலைந்து அமர்வுகளோ அதற்கு மேலுமோ ஆகும். வளையம், வலை போன்ற அடைப்புகள் நன்றாகத் திறக்கும். முழுதாக அடைபட்டதும் நெளிந்து வளைந்ததும் கடினம். அங்கேதான் கம்பி குத்திக் குழாய் ஓட்டையாகும். நடுவே இருமலோடு ரத்தம் வந்தால், உடனே பலூனை மேல்பக்கம் விரித்துக் கசிவை அடைப்பது முதல் வேலை. படத்தில் குழாய் தெரியச் செலுத்தும் சாயத்தின் அளவு, நோயாளியின் சிறுநீரக நிலையைப் பொறுத்தது.

மாத்திரை

ரியோசிகுவாட் குழாயைத் தளர்த்தும், தழும்பைத் தொடாது. 2013இல் வெளியான 261 பேர் சோதனையில், 16 வாரத்தில் ஆறு நிமிட நடை 39 மீட்டர் கூடியது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 6 மீட்டர் குறைந்தது. வழக்கமான தொடக்கம் 1 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.5 மி.கி. கூட்டி, 2.5 மி.கி. மூன்று வேளை வரை போகலாம். மேல் ரத்த அழுத்தம் 95க்குக் கீழே இருந்தால் கூட்டக் கூடாது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடும், குழாயைத் தளர்த்தும் சில்டெனாஃபில், டடலாஃபிலோடும் சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. புகைப்பவர்களின் ரத்தத்தில் மருந்தளவு குறையும்.

விலை மலிவு என்பதால் சில்டெனாஃபிலைத் தொடங்கிவிட்டு, ஸ்கேனையே மறந்துவிடுவது நம் பக்கம் நடக்கிறது. அறுவைக்கு ஏற்றவருக்கு மாத்திரையை முதலில் கொடுப்பது ஏன் தவறு என்பதற்கு 2009இல் சான் டியாகோ காட்டிய பதில் தெளிவு: அழுத்தத்தில் கிடைத்த பலன் சொற்பம், அறுவை மையத்துக்கு அனுப்புவதுதான் தள்ளிப்போனது.

நேருக்கு நேர்

அறுவை இயலாத 105 பேரை வைத்துப் பிரான்சில் நடந்த சோதனை 2022இல் வெளியானது. 26 வாரத்தில் குழாய்த் தடை பலூனில் சுமார் 60 சதவீதம் குறைந்தது. ரியோசிகுவாட்டில் சுமார் 33. ஆனால் சிகிச்சையால் வந்த கடும் பாதிப்பு பலூனில் 42 சதவீதம், மாத்திரையில் 9. இதோடு நின்றால் 'பலனா, பாதுகாப்பா' என்ற வாதமாகவே முடியும். சோதனையின் அடுத்த கட்டம்தான் கவனிக்க வேண்டியது: முதலில் மாத்திரை எடுத்துப் பிறகு பலூனுக்குப் போனவர்களிடம் அந்தப் பாதிப்பு 14 சதவீதம். அழுத்தம் கொஞ்சம் தளர்ந்த பிறகு திறக்கப்படும் குழாய் காயப்படுவது குறைகிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

ஆக, அறுவை இயலாதவருக்கு முதலில் ரியோசிகுவாட், அடுத்துப் பலூன் என்ற வரிசையே எங்கள் பார்வையில் சரி. அறுவை ஆனவருக்கு மிச்ச அழுத்தம் இருந்தால் மாத்திரையும், எட்டாத கிளைகளுக்குப் பலூனும் பிறகு வரலாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி கதீட்டர் பார்த்து அதை முடிவு செய்கிறார்கள். எந்த வழியில் போனாலும் உறைவுத் தடுப்பு மருந்து வாழ்நாள் முழுதும் தொடரும். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவருக்குப் புதிய வகை உறைவுத் தடுப்பு மாத்திரைகள் வேண்டாம், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் அளவு) 2 முதல் 3 வரை இருக்கும்படி வார்ஃபரினோ அசினோகூமராலோ எடுக்க வேண்டும்.