கேபிள் முடிந்து பைப் தொடங்கும் இடம்: பாக்ஸா, கப்ளிங்கா, புஷ்ஷிங் போதுமா?

நம்மூர் வீடுகளில் பெரும்பாலும் சுவருக்குள் பைப், பைப்புக்குள் தனித்தனி ஒயர். அமெரிக்காவின் மரச்சட்ட வீடுகளில் சீலிங்குக்கு மேலே கேபிளாகவே ஓடும். ஒயர்களை ஒரே பிளாஸ்டிக் உறையில் சேர்த்த, பலரும் ரோமெக்ஸ் என்று சொல்கிற என்எம்-பி கேபிள் அது. கராஜ் சுவரில் வெளியே தெரிகிற மாதிரி இறங்கும்போது, அடிபடாமல் இருக்க இஎம்டி என்ற மெல்லிய இரும்பு பைப் போடுவார்கள். கேபிள் பைப்பாக மாறும் அந்த ஓர் இடத்தில் என்ன மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

அங்கே பின்பற்றப்படும் மின் விதித்தொகுப்பு என்எஃப்பிஏ 70. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். 2023 பதிப்பின் 300.15-ஆம் விதியைப் படித்தால் வழிகள் மூன்று தெரியும். எதை எடுப்பது என்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். அந்த இடத்தில் ஒயரை வெட்டி ஜாயின்ட் போடுகிறோமா? நாளைக்கு அங்கே கை எட்டுமா?

ஜாயின்ட் உண்டு என்றால் பேச்சே இல்லை, ஜங்ஷன் பாக்ஸ்தான். நான்கு அங்குலச் சதுர பாக்ஸ், ஒன்றரை அங்குல ஆழம் என்றால் உள்ளே 21 கன அங்குலம் இடம். 12-ஆம் கேஜ் (தடிமன் எண்) ஒயர் ஒவ்வொன்றுக்கும் 2.25 கன அங்குலம் கணக்கு. கேபிளிலிருந்து இரண்டு, பைப்பிலிருந்து இரண்டு, இரு பக்கத்து எர்த் ஒயர்களும் சேர்ந்து ஒன்று. ஆக ஐந்து, 11.25 கன அங்குலம். தாராளம். ஒரே நிபந்தனை, சுவரையோ சீலிங்கையோ உடைக்காமல் பாக்ஸைத் திறக்க முடிய வேண்டும் (விதி 314.29). மூடி கண்ணில் படுகிறதே என்று அதன்மேல் ஜிப்சம் பலகை அடிப்பது தப்பு.

இரண்டாவது வழி, ஒரு முனையில் கேபிளையும் மறுமுனையில் பைப்பையும் பிடிக்கிற மாற்றுக் கப்ளிங். பாக்ஸுக்குப் பதிலாக இதைப் போட 300.15-ன் எஃப் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் உள்ளே ஜாயின்ட் கூடாது, அந்த வேலைக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும், மறைத்து வைக்கலாம் என்று தனியாகச் சான்று பெறாதவரை கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இது மிக அழகாகப் பொருந்துவது இரும்புக் கவசம் போட்ட எம்சி கேபிளுக்கு. கவசத்தைத் தேவையான நீளத்துக்கு உரித்துவிட்டு, உள்ளே இருக்கிற ஒயர்களை அப்படியே பைப்புக்குள் விட்டுவிடலாம். விடுவதற்கு முன் ஒயரை விரலில் உருட்டிப் பாருங்கள். அதன்மேல் வகை, கேஜ் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். என்எம்-பி கேபிளில் அந்த அச்சு மேலுறையில் மட்டும்தான். உறையை உரித்தால் உள்ளே அடையாளம் இல்லாத வெறும் கறுப்பும் வெள்ளையும். அதைத் தனி ஒயராகப் பைப்பில் இழுக்கக் கூடாது.

ஒருமுறை பழைய கராஜ் ஒன்றில் இப்படி ஒரு கப்ளிங்கைக் கழற்றினேன். நீளம் போதாமல் யாரோ உள்ளேயே ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் இளகிப் பிசுபிசுவென்று ஒட்டியது, அதற்கடியில் ஒயரின் உறை பழுப்பேறியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு நேர்த்தியான வேலை! அதிலிருந்து, நீளத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் பாக்ஸுக்குப் போய்விடுகிறேன்.

எம்சி கேபிளில் எர்த்தையும் கவனியுங்கள். சாதாரண எம்சியின் சுருள் கவசம் எர்த் ஆகாது, உள்ளே வரும் பச்சை ஒயர்தான் எர்த். இஎம்டி பைப்போ தானே எர்த் ஆக அனுமதி உள்ளது. ஆனாலும் பைப் இருக்கிறதே என்று பச்சையைக் கப்ளிங்கில் வெட்டி விட்டுவிடாதீர்கள். கடைசிப் பாக்ஸ் வரை அதுவும் போகட்டும்.

மூன்றாவது, மூன்றிலும் எளிது. கேபிளை உரிக்காமல், உறையோடு முழுசாகப் பைப்புக்குள் இறக்குவது. இங்கே பைப் வெறும் காப்புதான். 300.15-ன் சி பிரிவு பாக்ஸ் கேட்கவில்லை. பைப்பின் வெட்டு முனை உறையைக் கீறாதபடி புஷ்ஷிங்கோ (பைப் முனையில் மாட்டும் வழவழப்பான வளையம்) அதற்கான கனெக்டரோ மாட்டினால் சரி. ரம்பத்தால் அறுத்த இஎம்டி முனையின் உள்விளிம்பைத் தடவிப் பாருங்கள், பிசிறு விரலைக் கிழிக்கும். முதலில் அதை ராவிவிட்டு, அப்புறம் புஷ்ஷிங். கராஜுக்குள் சீலிங்கிலிருந்து ஒரு ப்ளக் பாயின்ட் வரை இறங்கும் சின்ன ஓட்டத்துக்கு என் தேர்வு இதுதான். ஜாயின்ட்டே இல்லாததால் கெட்டுப்போக அங்கே ஒன்றும் இல்லை.

அதே பைப் வீட்டின் வெளிச்சுவரில், மழை படும் இடத்தில் இறங்கினால் இந்த மூன்றாவது வழி அடைபட்டுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பைப்பின் உட்புறத்தையும் ஈரமான இடமாகவே 300.9 கருதுகிறது, என்எம்-பிக்கு ஈரம் ஆகாது. கேபிளைச் சுவருக்கு உள்பக்கமே ஒரு பாக்ஸில் முடித்து, அங்கிருந்து ஈரம் தாங்கும் தனி ஒயர்களை வெளியே பைப்பில் இழுக்க வேண்டும்.